மழையால் தாமதம்: ஆங்கிலத்தில் காரணம் சொல்லும்போது எங்கே தடுக்குகிறது, எப்படிச் சரிசெய்வது

ரங்கூனிலும் மோல்மீனிலும் தமிழ் வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் காரணம் சொல்ல ஏற்கெனவே இரண்டு மொழி கைவசம் உண்டு. தமிழில் 'ஆல்', பர்மியத்தில் 'ஜௌங்'. இரண்டுமே சொல்லுக்குப் பின்னால் வாலாக ஒட்டுபவை. மழை என்ற பெயரோடும் ஒட்டும்: மழையால், 'மோ ஜௌங்'. மழை பெய்தது என்ற முழுச் செய்தியையும் சிறிது மாற்றினால் அதனோடும் ஒட்டும்: மழை பெய்ததால். எதோடு ஒட்டினாலும் வால் ஒன்றுதான்.

ஆங்கிலத்தில் காரணச் சொல் முன்னால் நிற்கும். தனக்கு வலப்பக்கம் என்ன வருகிறது என்பதைப் பொறுத்து அதன் உருவம் மாறும். நம்மவர் எழுதும் லீவு லெட்டரிலும், சிங்கப்பூர் வேலைக்கான மின்னஞ்சலிலும், ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரையிலும் காரணத்தைச் சொல்லும் இடத்தில் விழும் சிவப்பு மையில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்ததுதான். கீழே அறிகுறிப்படி பிரித்திருக்கிறோம். உங்கள் தாளில் எது தெரிகிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போகலாம்.

அறிகுறி: 'ஆஃப்' போட்டால் அடிக்கிறார்கள், போடாவிட்டால் சேர்க்கிறார்கள்

'பிகாஸ் ஆஃப் இட் ரெயின்ட்' என்று எழுதினால் தவறு. 'பிகாஸ் த ரெயின், த பஸ் வாஸ் லேட்' என்பதும் தவறு. காரணச் சொல்லின் மேல் விரலை வைத்து வலப்பக்கம் படியுங்கள். அங்கே எழுவாயும் காலம் காட்டும் வினையும் இருந்தால் 'பிகாஸ்', 'சின்ஸ்', 'ஆஸ்' மூன்றில் ஒன்று. வெறும் பெயர் மட்டும் இருந்தால் 'பிகாஸ் ஆஃப்', 'ட்யூ டு', 'ஓவிங் டு', 'ஆன் அக்கவுன்ட் ஆஃப்' இவற்றில் ஒன்று.

சரியானவை: 'பிகாஸ் இட் ரெயின்ட், த பஸ் வாஸ் லேட்.' 'பிகாஸ் ஆஃப் த ரெயின், த பஸ் வாஸ் லேட்.'

பர்மியம் நன்றாகப் பேசுபவர்களுக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. பர்மியத்தில் காரணம் காட்டும் 'லொ' வினையின் பின்னால் வரும்: 'மோ யுவா லொ', மழை பெய்ததால். பெயரோடு நேராக ஒட்டுவது 'ஜௌங்'. மனதில் 'லொ' வந்தால் 'பிகாஸ்'. பெயரும் 'ஜௌங்'கும் வந்தால் 'பிகாஸ் ஆஃப்'. தமிழில் இந்தப் பிரிவினை காதில் விழாது, பர்மியத்தில் விழும்.

இந்தச் சோதனை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. 'பிகாஸ் ஆஃப் த ரெயின் தட் ஃபெல் ஆன் சண்டே நைட்' என்பதில் வலப்பக்கம் 'ஃபெல்' என்ற வினை இருக்கிறது. ஆனாலும் 'ஆஃப்' வேண்டும். ஏனென்றால் அந்த வினை 'தட்'டுக்குள் அடைபட்டு மழையை வர்ணிக்கிறது. 'ஞாயிறு இரவு பெய்த மழை' என்பதில் 'பெய்த' போல. தமிழாக்கினால் பெயரெச்சமாக வரும் வினையைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

'ட்யூ டு' எழுதிய பிறகு முழு வாக்கியம் வந்து மாட்டிக்கொண்டால், நடுவில் 'த ஃபாக்ட் தட்' செருகினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் 'பிகாஸ்' என்ற ஒரே சொல் செய்யும் வேலைக்கு ஐந்து சொல் செலவு. அடித்துவிட்டு 'பிகாஸ்' போடுவதே மேல்.

அறிகுறி: 'லேட் பை ரெயின்', 'ஃபார் ஃபீவர்', 'டைட் இன் மலேரியா'

இதுவும் 'ஆல்' செய்யும் வேலைதான். தமிழில் கத்தியால் வெட்டலாம், அவனால் முடியும், மழையால் தாமதமாகும். கருவி, ஆள், காரணம் மூன்றுக்கும் ஒரே உருபு. ஆங்கிலத்தில் கருவிக்கு 'வித்', செயப்பாட்டு வினையில் செய்தவருக்கு 'பை', காரணத்துக்கு 'பிகாஸ் ஆஃப்'. 'டிலேட் பை ரெயின்' சரி, ஏனென்றால் அங்கே மழைதான் பஸ்ஸைத் தாமதப்படுத்தியது. வினை செயப்பாட்டில் நிற்கிறது. 'ஐ வாஸ் லேட் பை ரெயின்' தவறு. 'லேட்' வினை அல்ல, பெயரடை.

'காய்ச்சலுக்காக லீவு போட்டேன்' என்பதில் உள்ள 'ஆக' நோக்கத்துக்கும் காரணத்துக்கும் பொது. அதை 'ஃபார்' ஆக்கினால் சில இடங்களில் பொருந்தும்: 'ஃபைன்ட் ஃபார் ஸ்பீடிங்', 'தேங்க் யூ ஃபார் கமிங்', 'ஃபேமஸ் ஃபார் இட்ஸ் பகோடாஸ்'. புகழ், தண்டனை, நன்றி, மன்னிப்பு இவற்றோடு 'ஃபார்' வரும். லீவு எடுத்ததற்கு வராது: 'பிகாஸ் ஆஃப் ஃபீவர்'.

இறப்புக்குத் தனிப் பழக்கம். நோயால் என்றால் 'டைட் ஆஃப் மலேரியா'. காயத்தால் என்றால் பெரும்பாலும் 'டைட் ஃப்ரம் ஹிஸ் இன்ஜுரீஸ்'. நோயால் அவதிப்படுவது 'சஃபர் ஃப்ரம்'. 'மலேரியாவில் போனார்' என்று நாம் சொல்வதால் 'இன்' நுழைந்துவிடுகிறது.

அறிகுறி: 'பிகாஸ்' தொடங்கும் வாக்கியத்தின் கீழே கோடு, ஓரத்தில் 'முழுமையற்றது'

'ஐ டிட் நாட் கம். பிகாஸ் இட் வாஸ் ரெயினிங்.' இதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'நான் வரவில்லை. ஏனென்றால் மழை பெய்தது.' தமிழில் குற்றமே இல்லை. 'ஏனென்றால்' புதிய வாக்கியத்தைத் தாராளமாகத் தொடங்கும். அந்தப் பழக்கத்தில் 'பிகாஸ்'ஸுக்கு முன்னால் முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறோம். 'பிகாஸ்' இருக்கும் துண்டு ஆங்கிலத்தில் தனியே நிற்காது. 'பெய்ததால்' என்று மட்டும் எழுதி நிறுத்தியதற்குச் சமம். புள்ளியை எடுத்துவிட்டுச் சேர்த்தெழுதினால் முடிந்தது வேலை.

இதற்காக 'பிகாஸ்ஸில் வாக்கியமே தொடங்கக்கூடாது' என்று சில பள்ளிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது நோயை விட்டு நோயாளியை விரட்டுவது. 'பிகாஸ் இட் வாஸ் ரெயினிங், ஐ ஸ்டேட் ஹோம்' முழுக்கச் சரி. காரணம் முதலில் வந்தால் நடுவே காற்புள்ளி. பின்னால் வந்தால் பெரும்பாலும் காற்புள்ளி வேண்டாம். 'வொய்?' என்று கேட்டவருக்கு வாயால் 'பிகாஸ் ஐ வாஸ் டயர்ட்' என்று மட்டும் சொல்வதிலும் தப்பில்லை.

அறிகுறி: முன்னே 'பிகாஸ்', பின்னே 'ஸோ'

'பிகாஸ் த பவர் வென்ட் அவுட், ஸோ வீ யூஸ்ட் கேண்டில்ஸ்.' இரண்டில் ஒன்றை எடுங்கள். காரணம் என்று முன்னே சொல்லியாகிவிட்டது. விளைவு என்று மறுபடி அறிவிக்க வேண்டியதில்லை. 'ஆல்தோ' போட்டுவிட்டுப் 'பட்' போடுவதும் இதே நோய்.

அறிகுறி: இலக்கணம் சரி, ஆனால் படிப்பவர் எதிர்மாறாகப் புரிந்துகொள்கிறார்

எதிர்மறை வினைக்குப் பின்னால் 'பிகாஸ்' வந்தால் கவனம். 'ஹீ டிட் நாட் ரிசைன் பிகாஸ் ஹீ வாஸ் ஆங்க்ரி.' இதற்கு இரண்டு பொருள். கோபமாக இருந்ததால் வேலையை விடவில்லை என்பது ஒன்று. விட்டார்தான், ஆனால் கோபத்தால் அல்ல என்பது இன்னொன்று. தமிழில் 'விடவில்லை', 'கோபத்தால் அல்ல' என்று இரண்டு எதிர்மறைச் சொல் இருப்பதால் குழப்பம் வராது. ஆங்கிலத்தில் ஒரே 'நாட்' இரண்டு பக்கமும் பாயும்.

முதல் பொருள் வேண்டுமானால் காரணத்தை முன்னால் தூக்கி வையுங்கள். இரண்டாவது வேண்டுமானால், 'ஹீ ரிசைன்ட், பட் நாட் பிகாஸ் ஹீ வாஸ் ஆங்க்ரி.' அலுவலகக் கடிதத்தில் இந்த ஒரு வாக்கியம் வம்பில் கொண்டுபோய் விடும். இலக்கணப் பிழையைவிட இதைப் பெரிதாக நினையுங்கள்.

அறிகுறி: 'ட்யூ டு' பற்றி ஒருவர் சரி என்கிறார், இன்னொருவர் தவறு என்கிறார்

இருவர் பக்கமும் நியாயம் உண்டு. பழைய விதிப்படி 'ட்யூ டு' ஒரு பெயரைத் தழுவி நிற்க வேண்டும்: 'த டிலே வாஸ் ட்யூ டு ரெயின்.' வினையோடு சேர்த்து 'த பஸ் வாஸ் கேன்சல்ட் ட்யூ டு ரெயின்' என்றால் பழைய ஆசிரியர் 'ஓவிங் டு' என்று திருத்துவார். இன்றைக்கு இரண்டையும் எங்கும் எழுதுகிறார்கள். தயங்கினால் 'ட்யூ டு' இருக்கும் இடத்தில் 'காஸ்ட் பை' போட்டுப் படியுங்கள். பொருந்தினால் எந்த ஆசிரியரும் கை வைக்க மாட்டார்.

'தேங்க்ஸ் டு' நல்ல காரணத்துக்கு. நம் 'உங்கள் புண்ணியத்தில்' போலவே இதையும் குத்தலுக்குப் பயன்படுத்தலாம்: 'தேங்க்ஸ் டு ஹிஸ் டிரைவிங், வீ மிஸ்ட் த ஃப்ளைட்.' பேச்சில் சுவை. தேர்வுத் தாளில் 'தேங்க்ஸ் டு த சைக்ளோன்' என்று எழுதினால் புயலுக்கு நன்றி சொன்னதாக ஆகும்.

அறிகுறி: காரணமும் விளைவும் இடம் மாறிவிட்டன

வினைச்சொற்களில்தான் சேதம் அதிகம். 'ரிசல்ட் இன்', 'ரிசல்ட் ஃப்ரம்' இரண்டும் பார்க்க இரட்டைப் பிள்ளைகள். போகும் திசை எதிரெதிர். 1930 மே 5-ஆம் தேதி பர்மாவின் பெகு நகரில் வந்த நிலநடுக்கத்தில் ஷ்வேமாடோ பகோடா இடிந்து விழுந்தது. இதை இரு வழியில் எழுதலாம்: 'த எர்த்குவேக் ரிசல்டட் இன் த கொலாப்ஸ் ஆஃப் த பகோடா.' 'த கொலாப்ஸ் ஆஃப் த பகோடா ரிசல்டட் ஃப்ரம் த எர்த்குவேக்.' வினைக்கு மேல் ஒரு அம்பு வரையுங்கள். காரணத்திலிருந்து விளைவை நோக்கிப் போகட்டும். அம்பு வலப்பக்கம் போனால் 'இன்'. இடப்பக்கம் திரும்பினால் 'ஃப்ரம்'.

வலம் போகும் கூட்டம்: 'காஸ்', 'லீட் டு', 'ரிசல்ட் இன்', 'பிரிங் அபவுட்', 'கிவ் ரைஸ் டு', 'ட்ரிக்கர்', 'கான்ட்ரிப்யூட் டு'. இடம் திரும்பும் கூட்டம்: 'ரிசல்ட் ஃப்ரம்', 'ஸ்டெம் ஃப்ரம்', 'அரைஸ் ஃப்ரம்', 'பீ காஸ்ட் பை', 'பீ அட்ரிப்யூட்டட் டு'. 'ஃப்ரம்' கண்ணில் பட்டால் காரணம் வலப்பக்கம் இருக்கிறது என்று பொருள். கடைசியில் சொன்ன 'அட்ரிப்யூட்டட் டு' மட்டும் 'டு' வைத்துக்கொண்டே இடப்பக்கம் திரும்பும். அதைத் தனியே மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

'வாஸ் ரிசல்டட் இன்' என்று எழுதுவதும் நிறையக் காண்கிறோம். 'ரிசல்ட்' செயப்பாட்டு வினையாகாது, 'வாஸ்'ஸை எடுங்கள்.

'லீட் டு'வுக்குப் பின்னால் வெறும் வினை போடாதீர்கள். 1930-களில் நெல் விலை சரிந்தபோது ஐராவதி டெல்டா விவசாயிகள் செட்டியார் கடைகளில் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் நிலத்தை இழந்தார்கள். 'த ஃபால் இன் பேடி பிரைசஸ் லெட் டு லூஸ் தேர் லேண்ட்' என்றால் தவறு. இந்த 'டு' பெயருக்கு முன்னால் நிற்கும் முன்னிடைச் சொல். 'செய்ய' என்பதன் 'டு' அல்ல. பெயர் போடுங்கள்: 'லெட் டு த லாஸ் ஆஃப் தேர் லேண்ட்.' அல்லது 'இங்' போட்டு, இழந்தது யார் என்றும் சொல்லுங்கள்: 'லெட் டு ஃபார்மர்ஸ் லூசிங் தேர் லேண்ட்.' ஆளை நடுவில் வைத்து 'லெட் மெனி டு லீவ்' என்றால் மட்டும் வெறும் வினை வரும். அங்கே 'டு' வேறு ஆள். 'லெட்' எழுதும்போது நடுவில் 'ஏ' வராது. வந்தால் ஈயம் என்ற உலோகமாகப் படிக்கப்படும்.

'காஸ்' தனக்குப் பின் 'தட்' ஏற்காது. 'த ஸ்டார்ம் காஸ்ட் தட் த ரிவர் ரோஸ்' தவறு. 'காஸ்ட் த ரிவர் டு ரைஸ்' சரி. 'மேக்' என்றால் 'டு' போய்விடும்: 'மேட் த ரிவர் ரைஸ்.' தமிழில் இரண்டுக்கும் 'உயரச் செய்தது' ஒன்றே என்பதால் இரண்டும் கலந்துபோகின்றன.

'காஸ்' பெரும்பாலும் கெட்டதோடு வாழும் சொல்: டேமேஜ், டிலே, ப்ராப்ளம், பெயின், டெத். 2008 மே 2-ஆம் தேதி இரவு டெல்டாவைத் தாக்கிய நர்கீஸ் புயலுக்கு 'காஸ்ட் டெரிபிள் டேமேஜ்' மிகப் பொருத்தம். 'ஹார்ட் வொர்க் காஸ்ட் ஹர் சக்சஸ்' என்பதோ காதில் உறுத்தும். வெற்றியையும் ஒரு சேதம் போல ஒலிக்கச் செய்கிறது. நல்லதற்கு 'லெட் டு', 'பிராட் அபவுட்'.

அளவிலும் கவனம் வேண்டும். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது பர்மிய அரிசி ஏற்றுமதி பெருகியதற்கு ஒரு காரணம். அரிசி ஆலைகளுக்கும் வயல்களுக்கும் ஆள் வேண்டித் தமிழகத்திலிருந்து கப்பல் கப்பலாக மக்கள் வந்தது அந்தப் பெருக்கத்தோடு சேர்ந்த கதை. ஆனால் கால்வாய் ஒன்றே காரணம் அல்ல. டெல்டா காட்டை வெட்டி வயலாக்கியதும், கடன் கிடைத்ததும் உண்டு. இங்கே 'காஸ்ட்' என்றால் மிகைப்பேச்சு. 'கான்ட்ரிப்யூட்டட் டு த ரைஸ் பூம்' என்றால் பல காரணங்களில் ஒன்று என்ற நேர்மை வந்துவிடும். 'ட்ரிக்கர்' என்பது ஏற்கெனவே தயாராக இருந்ததைத் தட்டிவிட்ட கடைசிப் பொறிக்கு.

அறிகுறி: 'அஃபெக்ட்', 'இஃபெக்ட்' மாறி மாறி வருகின்றன

'ஏ'வில் தொடங்குவது வினை; 'ஈ'யில் தொடங்குவது பெயர். முன்னால் 'அன்' அல்லது 'த' வைத்துப் படிக்க முடிந்தால் அது பெயர். ஈருருளிச் சக்கரம் போல முன்னிடைச் சொல்லும் கூடவே மாறும்: 'த ஃப்ளட் அஃபெக்டட் அஸ்', 'த ஃப்ளட் ஹாட் அன் இஃபெக்ட் ஆன் அஸ்'. 'எங்கள் மீது தாக்கம்' என்று தமிழில் நினைப்பதால் 'அஃபெக்டட் ஆன் அஸ்' பிறக்கிறது. 'எங்களைப் பாதித்தது' என்று நினைத்தால் 'ஆன்' தானாக உதிரும். 'இஃபெக்ட்' வினையாக வரும் ஓர் அபூர்வ இடம் உண்டு: 'இஃபெக்ட் எ சேஞ்ச்', மாற்றத்தை நிகழ்த்திக் காட்டுவது. படிக்கத் தெரிந்தால் போதும், எழுத அவசரமில்லை.

அறிகுறி: 'த ரீசன் ஈஸ் பிகாஸ்', 'ரீசன் ஆஃப்', 'காஸ் ஃபார்'

தமிழ் 'காரணம்' ஆங்கிலத்தில் இரண்டாகப் பிளக்கிறது. நெருப்பு, நோய், விபத்து போன்றவற்றைப் பிறப்பித்தது 'காஸ்', அதோடு 'ஆஃப்': 'த காஸ் ஆஃப் த ஃபயர்.' ஒருவர் மனதில் வைத்திருக்கும் நியாயமோ விளக்கமோ 'ரீசன்', அதோடு 'ஃபார்': 'த ரீசன் ஃபார் மை ஆப்சன்ஸ்.' நெருப்பை 'ஏன் பிடித்தாய்?' என்று கேட்க முடியாது. லீவு போட்டவரைக் கேட்கலாம். 'காஸ் ஃபார் கன்சர்ன்' என்பதும் ஆங்கிலம்தான், ஆனால் அங்கே கவலைப்பட இடமிருக்கிறது என்று பொருள்.

'த ரீசன் ஈஸ் பிகாஸ்' என்பதில் காரணம் இருமுறை வருகிறது, 'தட்' போடுங்கள்.

சில்லறைப் பிழைகள்

'ஸோ ஹாட் டே' தவறு. பெயரடை தனியே என்றால் 'ஸோ ஹாட் தட்'. பெயரும் சேர்ந்து வந்தால் 'ஸச் எ ஹாட் டே தட்'. 'மச்', 'மெனி' வந்தால் பெயர் இருந்தாலும் 'ஸோ': 'ஸோ மச் ரெயின் தட்'.

'சின்ஸ்' காலத்தையும் காட்டும். 'சின்ஸ் ஹீ லெஃப்ட் ரங்கூன்' என்றால் போனதால் என்றா, போனதிலிருந்து என்றா? சந்தேகம் வந்தால் 'பிகாஸ்'.

'தேர்ஃபோர்' இரண்டு வாக்கியங்களைக் காற்புள்ளியால் ஒட்டாது. முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். 'ஸோ'வுக்கு முன்னால் காற்புள்ளி போதும். 'ஹென்ஸ்' மட்டும் வினையே இல்லாமல் பெயரோடு நிற்கும்: 'ஹென்ஸ் த டிலே.'

அறிகுறி: பிழையே இல்லை, ஆனாலும் மதிப்பெண் ஏறவில்லை

ஐஈஎல்டிஎஸ் இரண்டாம் கட்டுரைக்கு 40 நிமிடம், குறைந்தது 250 சொல். டியூஷன் நோட்டில் உள்ள இணைப்புச் சொற்களை எல்லாம் அதற்குள் திணிப்பவர்கள் உண்டு: வாக்கியத்துக்கு வாக்கியம் 'தேர்ஃபோர்', 'கான்சீக்வென்ட்லி', 'ஆஸ் எ ரிசல்ட்'. இயந்திரம் போலக் கோத்திருக்கிறார் என்று தேர்வாளர் கண்டுகொள்வார். எழுதி முடித்ததும் வாக்கியத் தொடக்கத்தில் நிற்கும் இணைப்புச் சொற்களை வட்டமிடுங்கள். ஒவ்வொன்றையும் மூடிவிட்டுப் படியுங்கள். பொருள் குறையவில்லை என்றால் அதை எடுத்துவிடுங்கள்.

பர்மா 1970-இல் சாலையின் வலப்பக்கம் ஓட்டும் முறைக்கு மாறியதை ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வையுங்கள்: 'பர்மா மூவ்ட் டு த ரைட் இன் 1970. ஹவெவர், மெனி பசஸ் கேம் ஃப்ரம் ஜப்பான். தேர்ஃபோர், தே ஹாட் டோர்ஸ் ஆன் த லெஃப்ட். ஆஸ் எ ரிசல்ட், பாசஞ்சர்ஸ் காட் டவுன் இன் த மிடில் ஆஃப் த ரோட்.' மூன்று இணைப்புச் சொல், நான்கு குட்டி வாக்கியம்.

திருத்தினால்: 'பர்மா மூவ்ட் டு த ரைட் இன் 1970, பட் மெனி பசஸ் கேம் ஃப்ரம் ஜப்பான் வித் டோர்ஸ் ஆன் த லெஃப்ட், ஸோ பாசஞ்சர்ஸ் காட் டவுன் இன் த மிடில் ஆஃப் த ரோட்.' ஜப்பான் பஸ்ஸுக்குக் கதவு இடப்பக்கம் என்பதற்குத் 'தேர்ஃபோர்' தேவைப்படவில்லை. 'வித்' என்ற ஒற்றைச் சொல் அதைத் தாங்கிக்கொண்டது.